கல்லூரிக்குக் கபடிக் குழு வேண்டும், பெயருக்கு அல்ல

எங்கள் போர்ட்டிக்சன் வட்டாரத்தில் ஒரு சிறு தனியார் கல்லூரி, ஆடவர் கபடிக் குழு தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. மாணவர்கள் மனுக் கொடுத்தார்கள். நிர்வாகம் பெற்றோரை அழைத்துக் கருத்துக் கேட்டது. கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பாதிப் பேர் வேண்டும் என்றார்கள். மீதிப் பேரின் சார்பில் ஒரு தாய் எழுந்து, “சார், நாங்க புள்ளைய படிக்க அனுப்பினோம், மண்ணுல உருள இல்ல” என்றார். அரங்கில் பலர் தலையசைத்தார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழு தொடங்க வேண்டும். இந்த ஆண்டே தொடங்க வேண்டும். ஆனால் அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய குழுவாக அது இருக்க வேண்டும். அப்படி நடத்த மனமில்லை என்றால், தொடங்காமல் இருப்பதே பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். அப்பா பால்மரம் சீவியவர். என் பணிக்காலம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் கழிந்தது. இப்போது குடியிருப்பது போர்ட்டிக்சனை ஒட்டிய சி ரூசாவில். மாலை வேளைகளில் இங்குள்ள பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் இந்த விவகாரத்தில் எனக்குப் பற்று உண்டு. அந்தப் பற்றோடுதான் எழுதுகிறேன்.

சுவா பெத்தோங், சுங்கலா, அத்தர்டன், பிராட்வால் என்று பெயர்களைச் சொன்னாலே இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு லயன் வீடுகள் கண்முன் வரும். கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, திடல் என்று எல்லாத் தோட்டத்துக்கும் ஓர் அமைப்பு இருந்தது. மாலையில் திடலின் பெரும்பகுதி பந்து விளையாடுகிறவர்களுக்கு. ஓரத்து மண் சடுகுடுக்கு. கோடு போட அடுப்புச் சாம்பல் போதும். வெட்டுக்காட்டில் வேலை செய்த கால்களும் தோள்களும் இருந்தன. பயிற்றுநர் என்று யாரும் இல்லை. மூத்தவர்கள் பிடித்தார்கள், இளையவர்கள் பார்த்துப் பழகினார்கள்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடத்தில் பல இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. குடும்பங்கள் தாமான் குடியிருப்புகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் சிதறின. கோயிலுக்கு மாற்று இடம் கேட்டுப் போராடினோம். பள்ளிக்கு நிலம் கேட்டு மனுப்போட்டோம். திடலுக்காக யாரும் மனுப்போடவில்லை. தோட்டத்தை விட்டு வரும்போது நாம் கேட்காமல் விட்டுவந்த சொத்து அதுதான். அதன் விலையை இன்று பதினெட்டு வயதுப் பையன்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பையன்கள் யார் என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கல்லூரியின் முடிவு அவர்களைப் பற்றியது. எஸ்.பி.எம். தேர்வில் மூன்று நான்கு பாடங்களில் ‘கிரெடிட்’ எடுத்தவர்கள். அப்பா பாதுகாவலராகவோ லாரி ஓட்டுநராகவோ இருப்பார். அம்மா தெலுக் கெமாங் பக்கம் ஏதேனும் ஹோட்டலில் துப்புரவு வேலை பார்ப்பார். சி ரூசா முகவரியிலேயே போர்ட்டிக்சன் பாலிடெக்னிக் இருக்கிறது. அது அரசு நிறுவனம், பெரியது. அங்கே இடம் கிடைத்தவன் பாக்கியசாலி. கிடைக்காதவன் சிறு தனியார் கல்லூரியில் அரசின் பி.டி.பி.டி.என். கல்விக்கடன் எடுத்துக்கொண்டு டிப்ளோமாவில் சேருகிறான்.

முதல் இரண்டு பருவம்தான் ஆபத்தான காலம். இரவில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. காலை எட்டு மணி வகுப்புக்கு எழுந்திருக்க முடியவில்லை. ஒரு வகுப்பு போகிறது, பிறகு ஒரு வாரம் போகிறது. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் விரிவுரையாளருக்கு முகமே நினைவிருக்காது. வராதவன் எங்கே என்று கேட்க ஓர் ஆள் இல்லை. கடிதம் வீட்டுக்கு வரும்போது, அவன் செனாவாங் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நின்றுகொண்டிருப்பான். டிப்ளோமா கையில் இல்லை. கடன் மட்டும் அவன் பெயரில் அப்படியே இருக்கும். படிப்பை விட்டாலும் வாங்கிய கடனைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஒரு குழு இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. கபடியில் களத்தில் நிற்பது ஏழு பேர், வெளியே மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். எதிரணிக்காரன் பாடி வரும்போது பிடிக்கிறவர்கள் இரண்டு இரண்டு பேராகக் கைகோத்துச் சங்கிலியாக நிற்பார்கள். மூலையில் நிற்கிறவன் கணுக்காலுக்குப் பாய வேண்டும், பக்கத்தில் நிற்கிறவன் அதே நொடியில் இடுப்பைக் கட்ட வேண்டும். ஒருவன் அரை நொடி பிந்தினாலும் பாடி வந்தவன் கோட்டைத் தொட்டுவிடுவான். இந்த ஒற்றுமை பேசிப் புரிய வைக்கிற காரியம் கிடையாது. அதே இரண்டு பேர் மாதக்கணக்கில் சேர்ந்து பழகினால்தான் வரும். இடது மூலைக்காரன் பயிற்சிக்கு வரவில்லை என்றால் அன்றைய பயிற்சி கெட்டுப்போகும். ஆகவே அவன் வரவில்லை என்பது ஐந்து நிமிடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கைப்பேசியில் அழைப்பார்கள். வீட்டுக்கே போய் எழுப்பி இழுத்து வருவார்கள். “நீ இல்லாமல் நடக்காது” என்று ஒரு பதினெட்டு வயதுப் பையனிடம் சொல்கிற இடங்கள் இங்கே மிகக் குறைவு. அவற்றில் சில இடங்கள் பிள்ளைகளை நாசமாக்குகிற இடங்கள். கல்லூரி அந்தச் சொல்லை முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.

சிறு கல்லூரி புதிதாக ஓர் ஆடவர் குழு தொடங்குவதா என்ற விவாதம் உலகில் வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் லக்ரோஸ் என்ற விளையாட்டை வைத்து இது பல ஆண்டுகளாக நடக்கிறது. நுனியில் வலை கட்டிய கோலால் பந்தை ஏந்தி, எறிந்து, எதிரணியின் இலக்கு வலைக்குள் போடும் ஆட்டம் அது. ஆடவர் ஆட்டத்தில் களத்தில் அணிக்குப் பத்துப் பேர். அங்கே கல்லூரி மாணவர்களில் பெண்களே அதிகம். ஆண்கள் குறைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். ஆயிரம் இரண்டாயிரம் பேர் மட்டுமே படிக்கும் சிறு தனியார் கல்லூரிகளுக்கு இது வருமானப் பிரச்சினை. லக்ரோஸ் குழு ஒன்றைத் தொடங்கினால் முப்பது நாற்பது பையன்கள் அந்த ஆட்டத்துக்காகவே வந்து சேருவார்கள், கட்டணம் கட்டுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கல்லூரிகளில் பல, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவை. அந்தப் பிரிவில் விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் கொடுக்க விதியே இடம் தராது. ஆகவே வருகிற பையன் பயிற்றுநரின் பேச்சைக் கேட்டு வருகிறான், கட்டணத்தையும் சுமக்கிறான்.

நம் மலேசியாவிலும் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெண்களே அதிகம். நம் சமூகத்துப் பையன்கள் எங்கே போகிறார்கள் என்று ஒவ்வொரு பட்டமளிப்பு விழாவிலும் கேட்கிறோம். அதனால் பையன்களைக் கல்லூரிக்குள் கொண்டுவரக் குழு உதவும் என்ற அமெரிக்கர் எண்ணத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. விட்டுவிட வேண்டியதும் உண்டு. குழுவைக் காட்டிப் பிள்ளை பிடிக்கக் கூடாது. சேர்க்கைக் காலத்தில் பதாகையில் கபடிப் படம், சேர்ந்த பிறகு ஆட விரிக்கும் ‘மேட்’ விரிப்பும் இல்லை, பயிற்றுநரும் இல்லை என்றால், அது கடன் எடுத்துப் படிக்கும் ஏழைப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். எத்தனை பேர் குழுவை நம்பிச் சேர்ந்தார்கள் என்று எண்ணிப் பயனில்லை. எத்தனை பேர் டிப்ளோமாவோடு வெளியே போனார்கள் என்று எண்ண வேண்டும். நான் ஆதரிக்கும் குழுவை அந்த ஒரே கணக்கால்தான் அளக்க வேண்டும்.

லக்ரோஸின் வரலாற்றில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. அது வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் விளையாட்டு. அவர்களில் ஹோடெனோஷோனி மக்கள் அதைத் தெய்வம் தந்த ஆட்டமாகவே கருதுகிறார்கள். காலப்போக்கில் அது வசதியான பள்ளிகளின், பெரிய கல்லூரிகளின் ஆட்டமாக மாறியது. 1904, 1908 ஒலிம்பிக்கில் இடம்பெற்ற அந்த ஆட்டம், 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அணிக்கு ஆறு பேர் ஆடும் வடிவில் திரும்பி வருகிறது. அந்த ஆட்டத்தை உலகுக்குத் தந்த மக்கள், தங்கள் சொந்தக் கொடியின்கீழ் ஆட இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டம் வளர்ந்தபோது அதை வளர்த்த நிறுவனங்கள் வேறு யாருடைய கையிலோ இருந்தன. கபடியை நம்முடையது என்று பெருமை பேசினால் போதாது. நம் பிள்ளைகள் படிக்கும் நிறுவனங்களில் அதற்கு ஒரு திடலும் கால அட்டவணையில் ஓர் இடமும் இருக்க வேண்டும்.

பூப்பந்தோ ஃபுட்சாலோ போதாதா, கபடி ஏன் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. முதல் காரணம் பணமும் இடமும். ஆடவர் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மீட்டருக்கு மீட்டர் சதுரத் துண்டுகளாக வரும் மேட்டில் 130 துண்டு போதும். கல்லூரி மண்டபத்தில் விரிக்கலாம், ஆட்டம் முடிந்ததும் அடுக்கி வைக்கலாம். லக்ரோஸ் ஆட வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு கோல், தலைக்கவசம், கையுறை, தோள்காப்பு எல்லாம் வாங்க வேண்டும். காற்பந்துக்கு முழுத் திடல் வேண்டும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். கபடிக்குக் காலணி, முட்டிக்காப்பு, சட்டை, முதலுதவிப் பெட்டி இவை போதும். சிறு கல்லூரியின் கைக்கு எட்டும் குழு ஆட்டம் இதைவிட மலிவாக வேறு இல்லை.

சி ரூசாவுக்கு இன்னொரு கொடையும் உண்டு. கடற்கரை. 2008-இல் பாலியில் நடந்த முதல் ஆசியக் கடற்கரை விளையாட்டுப் போட்டியிலேயே கபடி இருந்தது. மணலில் களத்தில் நிற்பது அணிக்கு நான்கு பேர். நீர் வற்றிய காலை வேளையில் இங்கே கெட்டி மணல் கிடைக்கும். மணலில் ஓடிப் பழகிய கணுக்கால் மேட்டில் எளிதில் பிசகாது. என் பையன்கள் வாரத்தில் ஒரு காலை அங்கேதான் ஓடுகிறார்கள். வாடகை இல்லை, விளக்குச் செலவு இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். பூப்பந்தில் ஒரு பிள்ளை ஏழெட்டு வயதில் மட்டை பிடிக்காவிட்டால் பின்னர் எட்டிப்பிடிப்பது கடினம். அதற்குப் பெற்றோரிடம் காசும் நேரமும் வேண்டும். நம் சிரம்பானில் பிறந்த பூப்பந்து வீராங்கனை கிசோனா செல்வதுரை 2019 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் தங்கம் வென்றபோது எல்லாரும் மகிழ்ந்தோம்; அந்த உயரத்துக்குப் பின்னால் சிறுவயது முதல் ஓடிய ஓட்டம் இருக்கிறது. கபடியைப் பதினெட்டு வயதில் தொடங்கியவனும் தேசிய நிலைக்குப் போக முடியும். இதைக் கொரியா நிரூபித்தது.

தென்கொரியாவில் கபடி பரம்பரை ஆட்டம் இல்லை. பூசான் நகரத்தில், பல்கலைக்கழக மாணவர்களிடையே அது வேர்விட்டது. முன்பு கபடி என்ற சொல்லையே கேட்டிராத இளைஞர்கள் கல்லூரி வயதில் அதைப் பழகினார்கள். அவர்களில் ஒருவர் லீ ஜாங் குன். இந்தியாவில் 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கியதும் பெங்கால் வாரியர்ஸ் அணியில் ஆடிப் புகழ்பெற்றார். 2016 உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில், அகமதாபாத் ரசிகர்கள் முன்னாலேயே கொரியா இந்தியாவை 34-32 என்று வீழ்த்தியது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மீண்டும் 24-23. 1990-இல் கபடி ஆசிய விளையாட்டில் நுழைந்த நாள் முதல் அதுவரை ஆடவர் ஆட்டத்தில் இந்தியா தங்கத்தை விட்டுக்கொடுத்ததே இல்லை. 2018-இல் ஈரான் தங்கம், கொரியா வெள்ளி என்று முடிந்தது. ஈரானின் பாசல் அட்ராச்சலி மல்யுத்தத்திலிருந்து கபடிக்கு வந்தவர். மலேசிய ஆடவர் அணியும் அதே ஜகார்த்தாவில் களமிறங்கியது. நம் பக்கத்து மாநிலமான மலாக்காவில் 2019-இல் உலகக் கிண்ணக் கபடிப் போட்டியே நடந்தது. ஆட்டம் நம் வாசல்வரை வந்துவிட்டது. கல்லூரிகள்தான் இன்னும் கதவைத் திறக்கவில்லை.

இது இந்தியர் ஆட்டம், கல்லூரியில் இனப் பிரிவினை வளரும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். கொரியரும் ஈரானியரும் ஆடுவது தெரிந்த பிறகு அந்த அச்சத்துக்கு இடமில்லை. சி ரூசா கம்பத்து மலாய்ப் பையன்கள் செப்பாக் தக்ராவ் ஆடி வளர்ந்தவர்கள். அந்தக் காலின் வேகமும் வளைவும் பாடிப் போகிறவனுக்கு வரம். சீன மாணவரில் ஜூடோ பழகியவன் இருந்தால் அவனைப்போல் பிடிக்கிறவன் கிடைக்க மாட்டான். தேர்வுப் பயிற்சி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். அறிவிப்பு மூன்று மொழியிலும் ஒட்டப்பட வேண்டும். தமிழர் மட்டும் கூடும் சங்கமாக இது சுருங்கினால் நானே எதிர்ப்பேன்.

இன்னோர் அச்சம் உண்டு. பெற்றோர் அதை மெல்லிய குரலில்தான் சொன்னார்கள். இந்தியப் பையன்கள் ஒரே நிறச் சட்டை போட்டுக் கூட்டமாக நின்றால் போலீஸ் என்ன நினைக்கும், அந்தக் கூட்டத்துக்குள் யார் நுழைவார்கள் என்ற அச்சம். அதை நான் தள்ளிவிட மாட்டேன். 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டபோது நம் சமூகம் தலைகுனிந்தது நினைவிருக்கிறது. கபடிப் போட்டிகளில் ஆட்டம் முடிந்து அடிதடி நடப்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கல்லூரிக் குழு வேண்டும் என்கிறேன். தெருவில் தானாகச் சேருகிற குழுவுக்குச் சட்டை வாங்கிக் கொடுக்க ஓர் ‘அண்ணன்’ எப்போதும் தயாராக இருப்பார். கல்லூரிக் குழுவுக்குச் சட்டை கல்லூரியே வாங்கட்டும். வெளியார் பணம் நேரே குழுவின் கைக்கு வரக் கூடாது. சட்டையில் 1 முதல் 12 வரை மட்டுமே எண் இருக்கட்டும். அதற்கு மேலுள்ள சில எண்கள் இங்கே குண்டர் கும்பல்களைக் குறிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கல்லூரி அனுமதிக்காத போட்டிக்குக் கல்லூரிச் சட்டையோடு போகிறவன் அன்றோடு குழுவில் இல்லை.

காயம் பற்றிய கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கபடி உடலோடு உடல் மோதும் ஆட்டம். முழங்கால் தசைநார் கிழியலாம், தோள் நழுவலாம், விரல் முறியலாம். சிமெண்டுத் தரையிலும் கல் கிடக்கும் மண்ணிலும் ஆட விட்டால் இவை நிச்சயம் நடக்கும். நல்ல மேட், ஆட்டத்துக்கு முன் முறையான உடல் தயாரிப்பு, முதல் மூன்று மாதம் விழக் கற்றுக்கொள்ளும் பயிற்சி இவை இருந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். மூத்தோர் ஆடவர் ஆட்டத்தில் 85 கிலோ எடை வரம்பு இருப்பது பாதுகாப்புக்கும் உதவும். அதைக் கல்லூரி கறாராகக் கடைப்பிடிக்கட்டும். ஆளுக்கு ஆள் விபத்துக் காப்புறுதி எடுக்கட்டும். போர்ட்டிக்சன் மருத்துவமனை இதே சி ரூசாவில்தான் இருக்கிறது. தலையில் அடிபட்டவன் மருத்துவர் அனுமதி இல்லாமல் களத்துக்குத் திரும்பக் கூடாது.

படிப்புதான் அந்தத் தாயின் உண்மையான கவலை. என் கவலையும் அதுவே. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பயிற்சி போதும். பயிற்சிக்கு முன்னால் நூலகத்தில் ஒரு மணி நேரம் எல்லாரும் உட்கார வேண்டும், பயிற்றுநரும் கூடவே உட்கார வேண்டும். பருவச் சராசரி 2.50-க்குக் கீழே போனவன் பயிற்சிக்கு வரலாம், போட்டியில் ஆட முடியாது. பயிற்சிக்கு வர வேண்டும் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். மதிப்பெண் குறைந்தவனைக் குழுவை விட்டே துரத்தினால், கல்லூரியோடு அவனுக்கு இருந்த கடைசிக் கயிறும் அறுந்துவிடும். அவனைக் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொண்டே மேலே தூக்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேசன் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது நூற்றுக்குப் பத்துப் புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. விளையாட்டும் கல்வியின் பகுதி என்று அரசே ஏற்றுக்கொண்ட ஒன்றை நாம் வீட்டில் ஏற்க மறுக்கிறோம்.

கடைசியாக, பெண்கள். ஆடவர் குழு என்று மட்டும் பேசப்படுவதைக் கண்டு, ஏன் எங்களுக்கு இல்லை என்று பல மாணவிகள் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். பையன்கள் படிப்பை விடும் அவசரம் கருதி ஆடவர் குழுவை முதலில் தொடங்குவதை நான் ஏற்கிறேன். ஆனால் இரண்டாம் ஆண்டில் மகளிர் குழு வரும் என்று தொடக்க நாளிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும். அதே மேட், அதே பயிற்றுநர். மகளிர் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர், சற்றுச் சிறியது. கூடுதல் செலவு அதிகம் இல்லை. தயக்கம் இருந்தால் சென்னையைப் பாருங்கள். குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை நகருக்கு வெளியே அடுக்குமாடிகளில் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். பெயர் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குவார்கள் என்று அங்குள்ளவர்கள் வருந்திய காலம் உண்டு. அங்கே வளர்ந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியின் துணைத் தலைவி. அதே போட்டியில் தங்கம் வென்ற ஆடவர் அணியில் திருவாரூர் மாவட்டத்து வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் இருந்தார். இருவருக்கும் தமிழ்நாடு அரசு ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்துப் பாராட்டியது. இடம்பெயர்ந்து அடுக்குமாடிக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை, ஒரு திடல், விடாமல் நின்ற ஒரு பயிற்றுநர். நம் தோட்டத்து மக்களுக்கும் அதே இடப்பெயர்வுதான் நடந்தது. திடலும் பயிற்றுநரும் மட்டும் நமக்கு வரவில்லை.

ஆகவே நிர்வாகத்திடம் நான் கேட்பது இவை. பருவத்துக்குப் பருவம் மாணவரிடம் வசூலிக்கும் விளையாட்டுக் கட்டணம் எங்கே போகிறது என்ற கணக்கை முதலில் வெளியிடுங்கள். மேட் வாங்க வெளியே கையேந்தத் தேவையில்லை என்று அதிலேயே தெரியலாம். சம்பளம் கொடுத்து ஒரு பயிற்றுநரை நியமியுங்கள். ஆர்வமுள்ள விரிவுரையாளர் ஒருவரின் தலையில் கூடுதல் சுமையாகக் கட்டாதீர்கள், அவர் மாறிப்போனால் குழுவும் போய்விடும். மூன்று ஆண்டுக்குப் பணம் ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு டிப்ளோமா முடிய ஆகும் காலம் ஏறக்குறைய அதுதான். முதலாண்டில் கிண்ணம் வேண்டாம். முதலாண்டில் சேர்ந்த பையன்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்குப் போனார்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பையன் கபடிக்குப் போகிறான் என்று கோபப்படாதீர்கள். மாதம் ஒரு முறை பயிற்சியைப் பார்க்க வாருங்கள். பயிற்றுநரின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மகன் எங்கே இருக்கிறான் என்று மாலை ஆறு மணிக்கு உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு மனிதர் உங்களுக்குக் கிடைக்கிறார். அது சிறிய விஷயம் இல்லை.

தோட்டத்திலிருந்து வந்து வியாபாரத்திலும் அரசு வேலையிலும் நன்றாக இருக்கும் என் தலைமுறைக்காரர்களே, கோயில் திருப்பணிக்கு நீங்கள் கொடுக்கும் கை எனக்குத் தெரியும். விளையாட்டுக் கட்டணம் மேட்டுக்குப் போதாவிட்டால், கல்லூரியின் பெயரில் ரசீது வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு மேட் துண்டு வாங்கிக் கொடுங்கள். 130 பேர் சேர்ந்தால் களம் முழுதும் விரிந்துவிடும். அன்று கேட்காமல் விட்ட திடலை நம் பிள்ளைகளுக்கு இப்போதாவது கேட்டு வாங்குவோம். அடுத்த சேர்க்கைக்கு முன் நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும்.